பதினோராவது பொட்டலம்

அந்தச் சோற்றுப் பொட்டலத்தை மரத்தடியில் வைத்தவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லவேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றவளும் நான்தான் என்பதால், இப்போதாவது முந்திக்கொள்கிறேன். மலாக்கா காஜா பெராங்கில் எங்கள் வரிசை வீடுகளில் யாரைக் கேட்டாலும் பொன்னம்மா மகள் கமலவேணிக்கு வாய் நீளம் என்றுதான் சொல்வார்கள். அந்த வாய் அன்றைக்கு எங்கே போய்த் தொலைந்தது என்று எனக்கே இன்னும் புரியவில்லை.

அது 1956. மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், எந்த நாளில் என்று பாடாங் திடலில் கூட்டம் கூட்டி அறிவித்து ஐந்தாறு மாதம் ஆகியிருந்தது. நான் பயிற்சிக் கல்லூரியில் இரண்டாம் வருடம். அந்த வருடம் புதிதாக ஒரு பாடம் வைத்தார்கள். மலை ஏறுவது, கூடாரம் அடிப்பது, வரைபடம் பார்ப்பது, காயத்துக்குக் கட்டுப் போடுவது, ஒரு கூட்டத்தைக் காட்டுக்கோ கடற்கரைக்கோ உல்லாசமாக அழைத்துப் போய் ஒரு தலை குறையாமல் திரும்பக் கொண்டுவருவது, இதெல்லாம்தான் பாடம். புது நாட்டில் பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளை வெளியே கூட்டிப் போகும், விடுமுறை முகாம்கள் நடக்கும், அதற்கெல்லாம் படித்த ஆள் வேண்டும் என்றார்கள். சான்றிதழின் பெயர் ஒரு முழ நீளம் இருந்தது. நாங்கள் காட்டுப் படிப்பு என்போம்.

எதிர்வீட்டு சிவகாமசுந்தரி அக்காவுக்கு இது பெரிய வேடிக்கை. நான் அரைக்கால் சட்டைக்கு மேல் பாவாடையைச் சுற்றிக்கொண்டு, தோளில் பையோடு கிளம்பும்போதெல்லாம் வாசலில் நின்று ஏதாவது சொல்வாள். "காடு சுத்துறதுக்கு ஒரு காலேஜாடி? உங்கப்பன் சுத்தாத காடா? அவனுக்கு யாரு சர்டிபிகேட் கொடுத்தா?" என்று ஒருநாள் கேட்டாள். நானும் சும்மா விடவில்லை. அப்பாவுக்குச் சான்றிதழ் கொடுத்திருந்தால் அவர் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பார் என்றேன். அக்காவின் முகம் சுருங்கிப்போனது. அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுதான், ஆனால் சொன்னது பொய்யில்லை.

என் அப்பா கலியாணசுந்தரம் தோட்டத்தில் காடு வெட்டும் கூலி. எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, புதிதாக ரப்பர் நடுவதற்காக வெட்டிய மரம் ஒன்று திரும்பி அவர்மேலேயே சாய்ந்துவிட்டது. அன்றைக்குக் கங்காணி அவசரப்பட்டான், முனியாண்டிக்குப் படையல் வைக்காமல் கோடரியை எடுத்தார்கள், அதனால்தான் என்று அம்மா நம்பினாள். அதற்குப் பிறகு நாங்கள் டவுனுக்கு வந்துவிட்டோம். அம்மா ஆஸ்பத்திரியில் துணி துவைத்து என்னை இத்தனை தூரம் படிக்கவைத்தாள். படிப்பில் தலையிடமாட்டாள். காடு என்ற ஒரு விஷயத்தில் மட்டும் அவளோடு பேசி ஜெயிக்க முடியாது.

பரீட்சை எழுத்துப் பரீட்சை இல்லை. ஒவ்வொருவரும் ஒருநாள் தலைவராக இருந்து எட்டுப் பேரை மலைக்கு அழைத்துப் போகவேண்டும். விரிவுரையாளர் ராஜரத்தினம் வரிசையில் கடைசியாக நடந்துவருவார். சீமையில் இரண்டு வருடம் இதையே படித்துவிட்டு வந்தவர். அன்று முழுக்க அவர் ஆலோசனை சொல்லமாட்டார், தடுக்கவும் மாட்டார், பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பார். குழுவுக்கு என்ன நடந்தாலும் வெளியாரிடம் பேசவேண்டியது தலைவர் ஒருவர்தான் என்பது விதி. தேறாவிட்டால் மறுமுறை கிடையாது. பதினேழு பேரில் நானும் பாக்கியலட்சுமியும்தான் பெண்கள், அதனால் எனக்கு வீம்பும் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

என் முறைக்கு லேடாங் மலையின் அடிவாரக் காடு கிடைத்தது. அசஹான் வழியாக உள்ளே போய், ஒரு அருவிவரை ஏறி, அதே வழியில் திரும்ப வேண்டும். அவசரகாலச் சட்டம் இன்னும் இருந்த காலம் அது. மலாக்காப் பக்கம் அடங்கிவிட்டது என்றாலும் மலைக்கு அந்தப் பக்கம் ஜொகூரில் காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் இருந்தார்கள். ஆகவே காட்டு வாயில் ஒரு போலீஸ் கேட். அனுமதிக் கடிதம் இல்லாமல் ஈ நுழையாது. தலைக்கு ஒரு பொட்டலம் சமைத்த சோறு, அவ்வளவுதான். சமைக்காத அரிசி கூடாது, டின் சாப்பாடு கூடாது. உள்ளே போகும்போது பொட்டலத்தை எண்ணுவார்கள், வெளியே வரும்போது வெற்று இலைகளை எண்ணுவார்கள். ஒரு கைச் சோற்றைக் காட்டில் விட்டுவந்தாலும் அது அவர்களுக்குக் கொடுத்ததாகத்தான் கணக்கு. அதற்கு வருடக்கணக்கில் சிறை என்று வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

இதையெல்லாம் நான் அம்மாவிடம் சொல்லவில்லையா? தலைகீழாக நின்று சொன்னேன். அம்மா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. விடியற்காலை நான் எழுந்தபோது படையலைக் கட்டி முடித்திருந்தாள். வாழையிலையில் சோறு, வறுத்த கருவாடு, இரண்டு அவித்த முட்டை, ஒரு சுருட்டு, தீப்பெட்டி. இலையில் எண்ணெய் கசிந்ததால் ஒரு பழுப்புக் காகிதப் பையில் போட்டுச் சுருட்டியிருந்தாள். தனியாக ஒரு சின்ன மடிப்பில் சூடமும் குங்குமமும் இருந்தன.

"பெரிய மரமாப் பாத்து, எலையப் பிரிச்சு வச்சு, சூடம் காட்டிட்டு வந்துரு. திரும்பிப் பாக்காத. வூட்டுப் படி ஏறுற வரைக்கும் யாருகிட்டயும் வாயத் தொறக்காத. சொன்னா முனி வெலகிப் போயிரும்" என்றாள்.

நான் கத்தினேன். படித்த பெண்ணை ஜெயிலுக்கு அனுப்பப் பார்க்கிறாயா என்று கேட்டேன். அவள் என் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். என் சப்பாத்தின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, இதை எடுத்துக்கொள்ளாமல் போனால் சாயங்காலம்வரை பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டேன் என்றாள். வெளியே லோரி ஹாரன் அடித்தது. எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. பிடுங்கி எடுத்து முதலுதவிப் பெட்டியில், பஞ்சுக்கும் துணிக்கட்டுக்கும் அடியில் திணித்தேன். நடுவழியில் எங்கேயாவது வீசிவிடலாம் என்றுதான் நினைத்தேன். வீசவில்லை, ஏனென்றால் எனக்கும் உள்ளுக்குள் பயம் இருந்தது. அப்பாவைப் பறிகொடுத்த காட்டு வாசனையை நான் மறக்கவில்லை.

லோரியில் எல்லாரும் குஷியாக இருந்தார்கள். தம்பிராஜா பாட்டுப் பாடினான். நாகூர் மீரான் வழக்கம்போல மூலையில் உட்கார்ந்து வரைபடத்தை மடியில் விரித்துவைத்திருந்தான். மீரான் எங்கள் தெருவுக்குப் பின்தெரு, என்னைவிட இரண்டு வயது சின்னவன், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். அவன் அத்தா அலாவுதீன் ஜாலான் பெண்டஹாராவில் மசாலாக் கடை வைத்திருந்தார். எங்கள் வீட்டு மிளகாய் மல்லியெல்லாம் அங்கேதான். குழுவில் பாதை பார்ப்பதற்கு அவனைவிடக் கெட்டிக்காரன் இல்லை என்பதால் நானே அவனைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

கேட்டில் சார்ஜன் எங்கள் பைகளைப் பிரித்துப் பார்த்தார். பத்துப் பேர், பத்துப் பொட்டலம் என்று பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதினார். முதலுதவிப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். மேலே டிஞ்சர் புட்டி, கத்தரிக்கோல், பஞ்சு. என் நெஞ்சு அடித்த அடி அவருக்கே கேட்டிருக்கும். பெண்பிள்ளை தலைவரா என்று சிரித்துக்கொண்டே மூடிவிட்டார்.

ஒரு மணி நேரம் ஏறியதும் சின்ன ஆறு ஒன்று வந்தது. குழுவைத் தண்ணீர் குடிக்கச் சொல்லி உட்காரவைத்துவிட்டு, முன்னால் பாதை பார்த்து வருகிறேன் என்று நான் மட்டும் போனேன். தலைவர் அப்படிப் போவது வழக்கம்தான். முப்பது அடி தாண்டி ஒரு பெரிய மரம், வேர்கள் சுவர் மாதிரி எழும்பி நின்றன. பெட்டியைத் திறந்தேன். இலையைப் பிரிக்க வேண்டும், சூடம் ஏற்ற வேண்டும். புகை தெரிந்தால் ராஜரத்தினம் வந்துவிடுவார். காகிதப் பையோடு அப்படியே வேரிடுக்கில் வைத்தேன், சூடத்தையும் குங்குமத்தையும் மறுபடி பஞ்சுக்குள் சொருகினேன், கும்பிட்டேன், திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். அரைகுறை வேலை. அம்மா சொன்னபடி ஒழுங்காகச் செய்திருந்தால் பிறகு நடந்தது ஒன்றும் நடந்திருக்காது.

அதற்குப் பிறகு எல்லாம் நன்றாகவே போனது. சும்மா சொல்லக் கூடாது, அன்றைக்கு நான் அருமையாக வழிநடத்தினேன். பாக்கியலட்சுமிக்குக் கால் பிசகியதும் கட்டுப் போட்டேன். அருவியில் குளிப்பதற்கு இடம் பார்த்துக் கயிறு கட்டினேன். வெற்று இலைகளைப் பத்தாக எண்ணி ஒரு பையில் போட்டேன். சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே, நாலு மணிக்குக் கேட்டுக்கு வந்து சேர்ந்தோம். தேறிவிட்டேன் என்று மனசுக்குள் துள்ளிக்கொண்டு வந்தேன்.

கேட்டில் எங்களுக்காக ஒரு ஜீப் நின்றது. ஜாசினிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். நடுவயது மலாய்க்காரர், சத்தம் போடாத மனிதர். மேசைமேல் என் பொட்டலம் இருந்தது. காவலுக்குச் சுற்றிய பக்கத்து மலாய்க் கிராமத்துக் கம்போங் கிழவர் ஒருவர் மத்தியானம் அதைக் கண்டெடுத்துக் கொண்டுவந்திருக்கிறார். இலையைப் பிரித்து எல்லாவற்றையும் வரிசையாக வைத்திருந்தார்கள். சோறு, கருவாடு, முட்டை, சுருட்டு, தீப்பெட்டி. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். சத்தியமாக, காட்டில் ஒளிந்திருக்கும் ஒருவனுக்கு யாரோ அன்போடு கட்டிவைத்த சாப்பாடு என்றுதான் நானே நினைத்திருப்பேன்.

எங்களை வரிசையாக நிற்கவைத்தார்கள். "சியாப்பா பூஞா?" என்றார் இன்ஸ்பெக்டர். யாருடையது என்று கேட்கிறார். தம்பிராஜாவின் முகத்தில் இருந்த சிரிப்பெல்லாம் வடிந்துவிட்டது. ராஜரத்தினம் ஒரு அடி முன்னால் வந்து, இந்தக் குழுவின் சார்பில் தலைவர் பதில் சொல்வார் என்று மலாயில் சொல்லிவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார். எல்லார் கண்ணும் என்மேல்.

சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. அடுத்த கேள்வி என்ன வரும் என்பதும் கூடவே வந்தது. யார் சமைத்தது? இந்தக் கருவாடு யார் வீட்டுச் சட்டியில் வறுபட்டது? காஜா பெராங்கில் எங்கள் வாசலில் ஜீப் போய் நிற்பதும், அம்மா ஈரக் கையோடு வெளியே வருவதும் கண்ணெதிரே தெரிந்தது. சோறு கட்டிக் கொடுத்தவளுக்கும் அதே சிறைதான். வூட்டுப் படி ஏறும்வரை வாயைத் திறக்காதே என்று அவள் சொன்னது வேறு தொண்டையில் நின்றது. முனி விலகிவிடுமோ என்ற பயம். படித்தவள், காம்பஸ் பார்க்கத் தெரிந்தவள், அந்த இடத்தில் நின்று முனியை நினைத்தேன். "தெரியாது" என்றேன்.

இன்ஸ்பெக்டர் தலையாட்டிவிட்டுக் காகிதப் பையைத் தூக்கிப் பிடித்தார். அடியில் நீல மையில் ரப்பர் முத்திரை இருந்தது. தமிழிலும், மலாயை எழுதும் ஜாவி எழுத்திலும் அலாவுதீன் கடை, ஜாலான் பெண்டஹாரா. அம்மா சுருட்டு வாங்கிய பை அது. நான் அந்த முத்திரையை அதுவரை கவனிக்கவே இல்லை. சார்ஜன் அனுமதிக் கடிதத்தில் இருந்த பெயர்களைப் பார்த்தார். நாகூர் மீரான் பின் அலாவுதீன் என்று வாசித்தார்.

மீரானை முன்னால் கூப்பிட்டார்கள். அவன் போய் நின்றான். எங்கள் கடைப் பைதான், ஆனால் டவுனில் பாதிப் பேர் எங்களிடம்தான் வாங்குகிறார்கள் என்றான். மலாக்காவில் பாதிப் பேர் இங்கே நிற்கவில்லை, நீதான் நிற்கிறாய் என்றார் இன்ஸ்பெக்டர். கடையில் வேறு யார் இருக்கிறார்கள், சரக்கு யாருக்கெல்லாம் போகிறது, அத்தா போன மாதம் ஜொகூருக்கு எதற்காகப் போனார் என்று கேள்விமேல் கேள்வி. மீரான் ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னான். கடைசியில், உனக்குத் தெரியாவிட்டால் உங்களில் யாருக்குத் தெரியும் என்று கேட்டார். மீரான், என்னால் சொல்ல முடியாது என்றான். தெரியாது என்று அவன் சொல்லவில்லை. எனக்கு அப்போது அது உறைக்கவில்லை.

விலங்கு மாட்டினார்கள். பாக்கியலட்சுமி அழ ஆரம்பித்தாள். இரண்டு கான்ஸ்டபிள்கள் ஜீப்பின் பின்பக்கத்தைத் திறந்தார்கள். இன்னொரு ஜீப் நேரே ஜாலான் பெண்டஹாராவுக்குப் போய்க் கடையைச் சோதனை போடும் என்று சார்ஜன் வயர்லெஸ்ஸில் பேசிக்கொண்டிருந்தார். நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை. கடையில் ஒன்றும் கிடைக்காது, கிடைக்காவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டு நாளில் வந்துவிடுவான், அவனுக்கு அத்தா இருக்கிறார், வக்கீல் வைப்பார்கள், என் அம்மாவுக்கு யார் இருக்கிறார்கள் என்றும் நினைத்தேன். எவ்வளவு கேவலமான கணக்கு பாருங்கள். ஆனால் நினைத்தேன், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

அப்போது மீரான் இன்ஸ்பெக்டரிடம் அசர் என்ற சாயங்காலத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது, தொழுதுவிட்டு வருகிறேன் என்று கேட்டான். இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். விலங்கைக் கழற்றச் சொன்னார். மீரான் தண்ணீர்க் குடுவையிலிருந்து முகம் கை கால் கழுவினான். பிறகு நேராக என்னிடம் நடந்துவந்தான். கான்ஸ்டபிள் இரண்டடி பின்னால் வந்தான்.

"அக்கா, காம்பஸ் கொடுங்க. கிப்லா பாக்கணும்."

காம்பஸ் என் கழுத்தில் தொங்கியது. கழற்ற வரவில்லை, கயிறு முடியில் சிக்கியது. அவன் அவசரப்படாமல் நின்றான். எடுத்துக் கொடுத்தபோது அவன் கைவிரல் ஈரமாக இருந்தது. வாங்கிக்கொண்டும் உடனே போகவில்லை. நான் என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் இன்னும் ஒரு நிமிடம் நின்றிருப்பான். பிறகு மழைக்கோட்டைத் தரையில் விரித்து, மக்கா இருக்கும் திசைக்கு, மேற்கே கொஞ்சம் வடக்காகத் திரும்பி நின்று தொழ ஆரம்பித்தான்.

அசருக்கு நாலு ரக்அத், நாலு சுற்று. பின்தெருப் பிள்ளைகளோடு வளர்ந்தவளுக்கு அது தெரியாதா? அவன் குனிந்து எழுந்தான். நெற்றியைத் தரையில் வைத்தான். ஜீப் டிரைவர்கூட சிகரெட்டைக் கீழே போட்டுவிட்டான். முதல் ரக்அத் முடிந்தது, சொல்லிவிடு என்றது மனசு. அம்மா கண்ணில் வந்தாள். இரண்டு முடிந்தது. ராஜரத்தினத்தைப் பார்த்தேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் முகத்தில் ஒன்றும் இல்லை. மூன்றாவதும் முடிந்தது. நாலாவதில் அவன் உட்கார்ந்து, வலப்பக்கம் திரும்பி சலாம் சொன்னான், இடப்பக்கம் திரும்பினான். இடப்பக்கம்தான் நாங்கள் நின்ற வரிசை. அவன் எழுந்து மழைக்கோட்டை உதறி மடித்தான். மடிப்புக் கலையாமல், வகுப்பில் சொல்லிக் கொடுத்த மாதிரியே மடித்தான். பிறகு இரண்டு கையையும் நீட்டினான். கான்ஸ்டபிள் விலங்கை மறுபடி மாட்டினான். ஜீப்பில் ஏற்றினார்கள். இஞ்சின் கிளம்பியது.

"நான்தான் வச்சேன்" என்றேன்.

தமிழில் சொன்னேன். யாருக்கும் கேட்கவில்லை. ஓடிப்போய் ஜீப்பின் முன்னால் நின்று மலாயில் கத்தினேன். அந்தச் சோற்றை நான் வைத்தேன், மரத்தில் இருக்கும் சாமிக்கு வைத்தேன், அந்தப் பையனுக்கு ஒன்றும் தெரியாது என்றேன். டிரைவர் பிரேக் போட்டான். என் முழங்காலுக்கும் ஜீப்புக்கும் ஒரு சாண்தான் இடைவெளி.

இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. சிநேகிதனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாய் என்றார். தோட்டங்களில் நிறையப் பார்த்திருக்கிறேன், உங்கள் ஆட்கள் சாமிக்கு வைத்தால் இலையை விரிப்பார்கள், நெருப்புக் காட்டுவார்கள், சிவப்புப் பொடி போடுவார்கள், இதில் ஒன்றும் இல்லையே என்றார். எந்தச் சாமி சுருட்டுப் பிடிக்கும் என்று கேட்டார். எங்கள் முனி பிடிக்கும் என்றேன். அந்த நிலைமையிலும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. முதலுதவிப் பெட்டியைத் தூக்கிவந்து அவர் மேசைமேல் கவிழ்த்தேன். பஞ்சும் துணியும் சிதறின. கடைசியாக அந்தச் சின்ன மடிப்பு விழுந்தது. அவர் பிரித்தார். குங்குமம் விரலில் ஒட்டியது. சூடத்தை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு பஞ்சை எடுத்து முகர்ந்தார். ஒரு நாள் முழுக்க என் பெட்டியில் இருந்ததால் பஞ்சு பூராவும் சூட வாசனை.

யார் சமைத்தது என்று கேட்டார். நான் என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். கருவாட்டை எண்ணெயில் போடுவாயா, தண்ணீரில் போடுவாயா என்று கேட்டார். எண்ணெயில் என்றேன். எவ்வளவு நேரம் என்றார். திருதிருவென்று விழித்தேன், ஏனென்றால் அடுப்படிப் பக்கம் நான் போனதே இல்லை. அவர் பேனாவை எடுத்து, சமைத்தது நான்தான் என்றே எழுதிக்கொண்டார். கம்போங் கிழவர் அவர் காதில் ஏதோ சொன்னார். தங்கள் ஊரிலும் பெரிய மரத்துக்கு மஞ்சள் சோறு வைப்பார்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். அடுத்த மூன்று மாதத்துக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் மலாக்கா ஸ்டேஷனில் போய்க் கையெழுத்துப் போடவேண்டும் என்றார். மீரானின் விலங்கைக் கழற்றினார்கள்.

முதல் தடவை கேட்டதற்கும் நான் வாயைத் திறந்ததற்கும் நடுவில் நாற்பது நிமிடம் போயிருந்தது. லோரியில் யாரும் பாடவில்லை. மீரான் மூலையில் உட்கார்ந்து மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தான். நான் மன்னிப்புக் கேட்டேன். பரவால்லக்கா என்றான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவள் அன்றைக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல்தான் இருந்திருக்கிறாள். மறுநாள் காலையில் அலாவுதீன் கடைக்குப் போய் அவர் முன்னால் கைகூப்பி நின்றிருக்கிறாள், அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

என்னைக் கல்லூரியைவிட்டு நீக்குவார்கள் என்று ஊரே சொன்னது. நீக்கவில்லை. ராஜரத்தினம் மேலிடத்தில் என்ன பேசினாரோ, தெரியாது. ஒரு மாதம் கழித்துப் பலகையில் பெயர் ஒட்டினார்கள். நான் தேறியிருந்தேன். மூன்றாவது இடம். பாதை, நேரம், முதலுதவி எல்லாவற்றிலும் முழு மதிப்பெண். உள்ளே போன பத்துப் பேரையும் திரும்பக் கொண்டுவந்தாள் என்று எழுதியிருந்தார்கள். அது பொய்யில்லைதானே. செமாபோக்கில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலையும் கிடைத்தது. வந்த முதல் வாரமே, விடுமுறைக்கு நாற்பது பிள்ளைகளைப் புலாவ் பெசார் தீவுக்கு அழைத்துப் போய் மூன்று நாள் முகாம் நடத்தச் சொன்னார்கள். உதவிக்கு ஒருவரை நானே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்றார்கள்.

நேரே ஜாலான் பெண்டஹாராவுக்குப் போனேன். மீரானும் தேறியிருந்தான், வேலை வரும்வரை கடையில் அத்தாவுக்கு ஒத்தாசையாக இருந்தான். மல்லி நிறுத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் நாற்காலி எடுத்துப் போட்டு, தே ஓ என்கிற பாலில்லாத தேநீர் வாங்கிக் கொடுத்து, வாழ்த்துச் சொன்னான். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை என்று எனக்கு உயிர் வந்தது. முகாமைப் பற்றிச் சொன்னேன். படகு, கூடாரம், பிள்ளைகள் என்று அடுக்கிக்கொண்டே போனேன். நீ என்கூட வா மீரான் என்றேன்.

அவன் தராசிலிருந்து மல்லியைக் கொட்டி, பையின் வாயை மடித்தான்.

"நான் வரலக்கா."

பயமா என்று கேட்டேன். போலீஸா, கடலா, எதற்குப் பயம் என்று கொஞ்சம் கிண்டலாகவே கேட்டேன். அவன் கோபப்படவில்லை. பையை ஓரமாக வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தான்.

"நீங்க மரத்தடியில குனிஞ்சத நான் அன்னைக்கே பாத்துட்டேன்க்கா. தண்ணி மொள்ள மேல வந்திருந்தேன்" என்றான். "மேற்கு எதுன்னு வெயிலப் பாத்தாலே தெரியும். அதுக்கு எனக்குக் காம்பஸ் வேணுமா? உங்க பக்கத்துல வந்து நிக்கத்தான் கேட்டேன். பக்கத்துல நின்னா சொல்லிருவீங்கன்னு நெனச்சேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கடைசியில் சொன்னேனே, ஜீப்புக்கு முன்னால் விழுந்தேனே, அம்மாவை நினைத்துத்தானே நின்றேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவன் அத்தா உள்ளேயிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டேன். தே ஓ ஆறிப்போகிறது, குடியுங்கள் அக்கா என்றான் மீரான். குடித்தேன். புலாவ் பெசாருக்குத் தம்பிராஜாவைக் கூட்டிக்கொண்டு போனேன்.